சிங்கப்பூர்ச் சாமானின் சரித்திரம்

அக்கரைச் சீமையிலிருந்து ஒருவன் தன் கிராமத்தில் வந்து இறங்கினால், ஊரார் கண் முதலில் அவனுடைய பெட்டியின்மேல் விழுகிறது. "எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்க நாணுகின்றவர்களும் "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்கத் தயங்குவதில்லை. அத்தைக்குச் சேலை, மாமனுக்குக் கைலி, தம்பிக்குக் கைக்கடிகாரம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பாட்டிக்குத் தைலக் குப்பி என்று பெட்டி திறக்கும்போதே பங்கும் பிரிந்துவிடும். இப்பொருள்கள் அனைத்திற்கும் "சிங்கப்பூர்ச் சாமான்" என்று ஒரு பொதுப் பெயர் நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது.

மன்னர் வாளைப் பற்றியும் முடியைப் பற்றியும் நூல்கள் பல எழுந்துள்ளன. நம் பாட்டன் கொணர்ந்த தகரப் பெட்டியைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அப்பெட்டியிலிருந்த பொருள் எங்கே செய்யப்பட்டது? அதனை விற்றவர் யார்? வாங்கியவன் அதற்காக எத்தனை நாள் உழைப்பைக் கொடுத்தான்? இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்த்தால், கடைவீதிக் கதையாகத் தோன்றுவது நம் மக்களின் சரித்திரமாகவே விரிவதைக் காணலாம். தோட்டத்தில் செக்ரோல் புத்தகத்தில் பெயர் போடும் தொழிலிலுள்ள நமக்கு மூன்றாவது வினாவே பெரிதாகப் படுகிறது. எனினும் முறைப்படி முதலிலிருந்தே தொடங்குவோம்.

சீனப் பொருளும் தமிழ் அடுக்களையும்

சீனருடைய கடற்கரைப் பட்டினத்திற்குச் சென்று பொருள் வாங்கி வருவது தமிழருக்குப் புதிய பழக்கமன்று. நம் அடுக்களையே அதற்குச் சான்று. வாணலியைப் பல ஊர்களில் சீனச்சட்டி என்கிறோம்; சர்க்கரையைச் சீனி என்கிறோம்; படிகாரத்தைச் சீனாக்காரம் என்கிறோம்; இலங்கையில் பட்டாசு சீனவெடி எனப்படுகிறது. பொருள் வந்த வழியைப் பெயரிலேயே முடிந்து வைத்தனர் முன்னோர். இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் நிலத்தை அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. பட்டு மக்கும்; பண்டம் அழியும்; உடைந்த பீங்கான் மட்டும் மண்ணுக்குள் கிடந்து, அறுநூறு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்து வந்து சாட்சி சொல்லும்.

அக்கரையிலும் சாட்சி உண்டு. சீன தேசத்துத் துறைமுகமாகிய சுவான்சௌவில், 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பார் ஆங்கே சிவபெருமான் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. கோயில் எழுப்பும் அளவுக்கு நம் வணிகர் அப்பட்டினத்தில் வேரூன்றியிருந்தனர் என்பது இதனால் விளங்கும். ஆனால் அக்காலத்தில் கடல் கடந்து சென்றவர் வணிகர்; வணிகக் குழுக்களின் வலிமை அவர்களுக்குப் பின்னே நின்றது. அறுநூறு ஆண்டுகட்குப் பின்னர்க் கடல் கடந்தவர்களில் மிகப் பலர் கையில் முதலில்லாத கூலிமக்கள். அவர்கள் வந்து சேர்ந்த சீனர் மிகுந்த கடற்கரைப் பட்டினமே சிங்கப்பூர்.

தீர்வையில்லாத் துறை

1819-இல் ராபிள்ஸ் துரை இத்தீவில் ஆங்கிலேயக் கொடியை நாட்டியபோது, வருகின்ற சரக்குக்கும் போகின்ற சரக்குக்கும் சுங்கத் தீர்வை இல்லை என்று வகுத்தார். சிங்கப்பூர்ச் சாமானின் பிறப்பு இவ்விதியிலேதான் இருக்கிறது. தீர்வை இல்லாத இடத்திற்குச் சரக்கு தானே வந்து சேரும். சீனத்துப் பட்டும் பீங்கானும், ஜாவாவின் பாத்திக்கும், இங்கிலாந்தின் ஆலைத்துணியும், சோழமண்டலக் கரையின் கைத்தறியும் இங்கு ஒரே படித்துறையில் இறங்கின. இவற்றுள் ஒன்றேனும் சிங்கப்பூரில் விளைந்ததுமன்று, நெய்ததுமன்று. பல தேசத்துப் பொருள் கைமாறும் இடமாக இருந்ததே இப்பட்டினத்தின் சொந்தத் தொழில்.

அவ்வாண்டிலேயே பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் வந்திறங்கிய நாராயண பிள்ளை என்னும் தமிழர், முதலில் செங்கற் சூளை வைத்தார். பின்னர்த் துணிக்கடை திறந்தார். 1822-இல் அக்கடை தீக்கிரையாயிற்று; அவர் கடனாளியானார். ராபிள்ஸ் அவருக்குக் கமர்ஷியல் ஸ்குவேரில் இடம் அளிக்க, அங்கே மீண்டும் கடை வைத்து எழுந்து நின்றார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் இவரே. அந்தக் கமர்ஷியல் ஸ்குவேர்தான் 1858-இல் ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியது. ஆங்கிலேய நாகரிகத்தின் கண்ணாடி மாளிகை என்று பின்னாளில் புகழப்பெற்ற அக்கடைவீதியின் தொடக்க காலத்து வணிகருள் ஒருவர் துணி விற்ற தமிழர் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. மலாய் மக்கள் கடையைக் "கெடை" என்கின்றனர். வணிகத்திற்கு இடும் முதலை "மோடல்" என்கின்றனர். பெட்டியைப் "பெத்தி" என்றும் கப்பலைக் "கப்பால்" என்றும் வழங்குகின்றனர். நான்கும் தமிழிலிருந்து சென்றவை. முதல் கொண்டு கடைக்குச் சென்று, வாங்கியதைப் பெட்டியில் இட்டுக் கப்பலேறுவதற்கு வேண்டிய சொல் அத்தனையும் நாம் கொடுத்தவை. இதனைக் கேட்டுப் பூரித்துப்போக வேண்டுவதில்லை. சொல்லைக் கொடுத்த இனத்தில் முதலைக் கையில் வைத்திருந்தவர் சிலரே; கப்பலேறியவர் பல இலட்சம் பேர்.

இன்று சீனக் கலைப்பொருள் வாங்க விரும்பும் பயணி எங்கே செல்கிறான்? சைனாடவுனுக்குச் செல்கிறான். அங்கே நினைவுப் பொருள்கள் குவிந்து கிடக்கும் தெருவிற்குப் பகோடாத் தெரு என்று பெயர். சீனர் கோயில் கோபுரம் ஏதோ ஒன்றால் அப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. மாரியம்மன் கோயிலின் இராஜகோபுரத்தையே வெள்ளையர் பகோடா என்றழைத்தனர். அதுவே தெருவிற்குப் பெயராயிற்று. அடுத்துள்ள டெம்பிள் தெருவும் அக்கோயிலால் பெயர் பெற்றது. மாஸ்க் தெரு என்பதோ, தமிழ் முஸ்லிம்களாகிய சூலியர் 1826-இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலால் பெயர் பெற்றது. சீனர் கடைத்தெருவுக்குத் தமிழர் கோயிலும் பள்ளியும் பெயர் தந்து நிற்கின்றன. விசிறியும் தேநீர்க் கோப்பையும் வாங்கித் திரும்பும் நம்மவருள், நிமிர்ந்து பார்த்து இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

கப்பல் துரைமாரும் சந்துக் கடைகளும்

நினைவுப் பொருள் வாணிகம் என்று தனியாக ஒன்று பெருகியது சூயஸ் கால்வாய் திறந்த 1869-க்குப் பின்னரே. நீராவிக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு விரைந்து வரலாயின. கப்பல் கரி ஏற்றிக்கொள்ளும் சில மணி நேரத்தில் துரைமாரும் துரைசானிமாரும் கரையிறங்கி, "கீழ்நாட்டை"க் கையில் வாங்கிக்கொண்டு போக விரும்பினர். இவ்விருப்பத்தை முதலில் உணர்ந்தவர் சிந்து தேசத்து ஹைதராபாத் வணிகர். தம் ஊர்க் கைவேலைப் பொருளை விற்கத் தொடங்கி, பின்னர்ச் சீனப் பட்டும் ஜப்பானியக் கலைப்பொருளும் விற்று, சூயஸ் முதல் யோகோஹாமா வரை துறைமுகந்தோறும் கடை பரப்பினர். வெள்ளைக்காரனுக்குச் சீனப் பொருளை இந்தியன் விற்றான். இடம் மலாய்க்காரருடைய தீவு. சிங்கப்பூர் எத்தகைய பட்டினம் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுமோ?

ராபிள்ஸ் பிளேஸுக்கும் காலியர் கீ என்னும் கடற்கரைச் சாலைக்கும் இடையே ஒரு குறுகிய சந்து இருந்தது. லண்டன் நகரத்துச் சந்து ஒன்றின் பெயரைக் கடன் வாங்கி, 1890-இல் அதற்குச் சேஞ்ச் ஆலி என்று பெயரிட்டனர். 1933-இல் திறக்கப்பட்ட கிளிப்பர்டு படித்துறை அருகிலேயே இருந்தபடியால், படகிலிருந்து இறங்கியவன் சாலையைக் கடந்தால் சந்துக்குள் நுழைந்துவிடலாம். பெட்டி, கடிகாரம், பேனா, பாத்திக்குத் துணி, முதலைத்தோற் பை, விளையாட்டுப் பொம்மை என்று இருபுறமும் தொங்கின. யுத்தத்திற்குப் பின் ஆங்கிலேயச் சிப்பாய்களும் மாலுமிகளும் அங்கே மொய்த்தனர். சொன்ன விலையில் பாதிக்குக் கீழே கேட்க வேண்டும் என்பது அச்சந்தின் எழுதாச் சட்டம்.

அச்சந்தின் வாயிலிலும் அக்கம்பக்கத்திலும் நோட்டுக் கட்டுகளோடு நின்ற நாணய மாற்றுக்காரரில் தமிழ் முஸ்லிம்கள் பலர். ரூபாய், வெள்ளி, பவுன், டாலர், கில்டர் என்று எந்த நாட்டுக் காசைக் காட்டினும் கணக்கை வாயாலேயே சொல்லுவர். அண்மையில் மார்க்கெட் தெருவிலோ செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. உயர்ந்த படிப்பின்றியும் உலகத்துச் செலாவணியை விரல் நுனியில் வைத்திருந்த இம்மக்களைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரியேனும் உண்டா? ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம் அந்நாளில் லண்டன் வீதிகளின் பெயரைப் பாராமல் ஒப்பிப்போம். சேஞ்ச் ஆலியில் நின்ற கடையநல்லூர்க்காரரைப் பற்றி அங்கே எவரும் நமக்குச் சொல்லவில்லை.

அதே காலத்தில் சிராங்கூன் சாலையில் வேறொரு வாணிகம் நடந்தது. 1905-இல் இங்கு வந்து, மளிகைக் கடைச் சிப்பந்தியாய்த் தொடங்கி, பின்னர்ப் பெருங்கடைகளுக்கு உரியவரான பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரை அறியாத பழந்தமிழர் சிங்கப்பூரில் இல்லை. அங்கே விற்றவை மஞ்சள், சேலை, தாலிச்சரடு, கலியாணச் சாமான். தேக்கா என வழங்கும் சந்தையில் கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கும். கவனித்துப் பார்மின்: இங்கே தங்குபவன் ஊரை வாங்குகிறான், ஊருக்குத் திரும்புபவன் சிங்கப்பூரை வாங்குகிறான். இருவருக்கும் கையில் இல்லாததே பெரும்பொருள்.

பெட்டியின் விலை எத்தனை நாள்?

இனி நம் மூன்றாவது வினாவுக்கு வருவோம். 1920-களின் இறுதியில், மலாயாவில் எளிதில் சென்றடையத்தக்க தோட்டப் பகுதிகளுக்கென வகுக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 24 நாள் பெயர் விழுந்தால் ஆணுக்கு 12 வெள்ளி. வெள்ளியின் மதிப்பு 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாயின் மதிப்பு 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆகவே 12 வெள்ளியென்பது, மாற்றுத் தரகு நீங்கலாக, 18 ரூபாய் 10 அணா 8 பைசா. ஊரிலுள்ள ஏழை உழவனின் காதுக்கு இது பெருந்தொகை. ஆனால் அரிசிக் கடன், கடைப் பற்று, கோயில் வரி, கலியாண மொய் அனைத்தும் இதிலிருந்தே கழியவேண்டும் என்பதை ஊரில் எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளி விலையுள்ள பொருளை வாங்கினால் அஃது ஆணுக்கு இரண்டு நாள் பால்வெட்டு; பெண்ணுக்கு இரண்டரை நாள். ரப்பர் விலை வீழ்ந்து 1930-இல் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டபோது, அதே பொருள் ஆணுக்கு இரண்டரை நாளாயிற்று. பெண்ணுக்கு மூன்று நாளுக்கும் மேலாயிற்று. பொருளின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு மாறவில்லை. வாங்கியவள் முதுகில் விழுந்த விலை ஏறிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, வாளியும் கத்தியுமாய் மரந்தோறும் ஓடிய நாட்களே சேலையாகவும் செம்பாகவும் மாறிப் பெட்டிக்குள் சென்றன.

அப்பெட்டி ஊருக்குச் சென்று என்ன செய்தது? இங்கேதான் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி இருக்கிறது. கூலிமக்களைத் திரட்டக் கங்காணிமார் ஊருக்கு அனுப்பப்பட்ட காலம் அது. கங்காணி தலைப்பாகையும் கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாய்த் தெருவில் நடந்து வந்தால், அவன் பேச்சைவிட அவன் உடையே உரக்கப் பேசியது. மழை பொய்த்த ஊரில், சாதியின் பேரால் கைகட்டி நின்ற இளைஞன் கண்ணுக்கு அந்தச் சங்கிலி விடுதலையாகத் தோன்றியது. விடுதலை ஓரளவு உண்மையுமாகும். ஊரில் செருப்பணிய முடியாதவன் இங்கே செருப்பணிந்து நடந்தான். எனினும் சாமான் பாதி உண்மையைத்தான் சொல்லிற்று. மலைக்காய்ச்சலையும் கடைப் பற்றையும் சொல்ல அதற்கு வாயில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் துணைபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும்வரை, பளபளக்கும் பெட்டி ஆள்பிடிக்கும் தூண்டிலாகவும் பயன்பட்டது.

திரும்பி வந்தவனுக்கும் அது விலங்காயிற்று. வெறுங்கையோடு போனால் ஊர் சிரிக்கும் என்று, நோயுற்ற உடம்போடும் ஊருக்குப் போகாமலே தங்கிவிட்டவர் உண்டு. கடன் வாங்கிச் சாமான் வாங்கி, அக்கடனை அடைக்க மறுபடியும் கப்பலேறியவர் உண்டு. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பலின் தளத்தில், பாயை விரித்துப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துச் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் சென்றவர் தலைமுறை தலைமுறையாக உளர். அத்தளத்தில் எத்தனை பெட்டி கடனில் நிறைந்தது என்பதற்குக் கப்பற் கணக்கில் பத்தி இல்லை.

இன்னுமொரு வேடிக்கையைக் கேளுங்கள். அராபுத் தெருக் கடைகளில் நம்மவர் ஆசையோடு வாங்கிய கட்டம் போட்ட கைலிக்கு மலாயில் "காயின் பெலேக்காட்" என்று பெயர். பெலேக்காட் என்பது யாது? சென்னைக்கு வடக்கேயுள்ள நம் பழவேற்காடு! சோழமண்டலக் கரையில் தமிழன் நெய்த துணி கப்பலேறி வந்து, இக்கரையில் மலாய்ப் பெயர் பெற்று, வேறொரு தமிழனின் வியர்வைக் காசுக்கு விற்கப்பட்டு, சிங்கப்பூர்க் கைலியென்னும் பெருமையோடு மறுபடியும் ஊர் சேர்ந்தது. நெய்தவனுக்கு ஊரில் மதிப்பில்லை. கடல் கண்ட துணிக்கு மதிப்புண்டு!

வாழைமர நோட்டும் குருவிப் பெட்டியும்

1930-களில் மிடில் சாலையில் ஜப்பானியர் கடைகள் நிறைந்திருந்தன. மலிவான பொம்மையும் பீங்கானும் துணியும் அங்கே கிடைத்தன. 1937-இல் ஜப்பான் சீனாவின்மேல் போர் தொடுத்ததும், சிங்கப்பூர்ச் சீனர் அப்பொருள்களைப் புறக்கணித்தனர். வாங்குவதைப் போலவே வாங்காமையும் ஒரு சொல் என்பதை அவர்கள் காட்டினர். 1942 பிப்ரவரி 15-இல் நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருந்தபடியால் அது வாழைமர நோட்டு எனப்பட்டது. 1945-இல் அவர்கள் வீழ்ந்ததும் அது வெறுங்காகிதமாயிற்று. பெட்டி நிறைய அதனைச் சேர்த்து வைத்திருந்தவர் ஒரே நாளில் ஏழையாயினர். இன்று அதே நோட்டு நினைவுப் பொருளாக விற்பனைக்கு வருகிறது. ஒருவன் இழந்த வாழ்வு மற்றொருவனுக்கு வேடிக்கைப் பொருளாவதற்கு இதனினும் கொடிய சான்று நாம் கண்டதில்லை.

இந்தியா சுதந்தரம் பெற்ற பின்னர் அயல்நாட்டுப் பண்டங்களின் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடுகள் வந்தன. கடைகளில் கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறுவது இயல்பே. ஒலிப்பதிவுக் கருவியும் நைலக்ஸ் சேலையும் வாசனைச் சோப்பும் சிங்கப்பூர்ப் பெட்டியில் முதலிடம் பிடித்தன. பர்மாவிலிருந்து வந்த அகதிகளுக்காகச் சென்னையில் 1969-இல் தோன்றிய பர்மா பஜாரில் அயல்நாட்டுச் சாமான் விலைபோயிற்று. இரு கரைக்கும் இடையே சாமான் சுமந்து பிழைத்தவர்களுக்குக் குருவி என்று பெயர் வந்தது. சிறிய உடம்பு, பெரிய பறப்பு, பிறர்க்கான இரை. எவர் இட்ட பெயரோ, பொருந்திய பெயர். 1971-இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபா நிறுவனம், விலையைக் குறித்து வைத்துப் பேரமின்றி விற்று வளர்ந்து, 1995-இல் சையத் ஆல்வி சாலையில் பெரும் பேரங்காடியாக எழுந்தது. பேரம் பேச மொழியறியாத ஏழைக்கு, எழுதி ஒட்டிய விலை ஒரு மரியாதை. 1991-க்குப் பின் இந்தியாவின் கதவுகள் திறந்தன. அதே பொருள் தஞ்சாவூர்க் கடையிலும் கிடைக்கலாயிற்று. அதன் பின்னரும் பெட்டி வெறுமையாகச் செல்லவில்லை.

எஞ்சி நின்ற குப்பி

சிங்கப்பூரில் செய்யாததெல்லாம் சிங்கப்பூர்ச் சாமான் என்று விற்ற கதையைக் கண்டோம். இங்கேயே செய்த பொருள் எதுவும் இல்லையோ எனின், உண்டு. நம் பாட்டிமார் தலையணைக்கடியில் வைத்திருக்கும் கோடாலித் தைலம் அது. சீனத்தின் குவாங்துங் மாகாணத்திலிருந்து வந்து இங்குக் குடியேறிய லியோங் யுன் சீ என்பார், ஜெர்மானிய மருத்துவர் ஒருவரிடமிருந்து பெற்ற குறிப்பைக் கொண்டு 1928-இல் அதனைத் தொடங்கினார். அதனோடு போட்டியிட்ட புலித் தைலமோ ரங்கூனில் பிறந்தது. ஆவ் பூன் ஹா என்பார் 1926-இல் அதனைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தார். இவ்விருவரும் நம்மைப் போலவே கடல் கடந்த குடும்பத்தினர். பின்னாளில் பெருஞ்செல்வர் ஆயினர் என்பது வேறு.

ஏழையர் பெட்டியில் தைலத்திற்கு இடம் கிடைத்ததன் காரணம் எளிது. விலை குறைவு, எடை குறைவு, பத்துப் பேருக்குப் பத்துக் குப்பி கொடுத்தாலும் முதல் அழியாது. பெறுகின்றவரும் அதனைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. நெற்றியில் தடவுகின்றனர், முழங்காலில் தேய்க்கின்றனர், கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து வைத்து எடுக்கின்றனர். மூட்டை தூக்கிய தோளும் நாற்று நட்ட இடுப்பும் வலிக்கும் நாட்டில் அதனினும் சிறந்த நினைவுப் பொருள் யாது? பெரும் பணம் கொடுத்து வாங்கியவை பிற தேசத்தவையாய் இருக்க, இப்பட்டினத்திற்கே உரியதாய் ஊர் சேர்ந்தது பெட்டியின் மூலையில் கிடந்த அச்சிறு குப்பியே.

மறைந்த கடைகளும் நம் கடமையும்

நாம் மேலே கூறிய இடங்களில் பல இன்று இல்லை. சேஞ்ச் ஆலிச் சந்து 1989 ஏப்ரலில் மூடப்பட்டது. அப்பெயர் இப்போது குளிர்சாதனக் கட்டடம் ஒன்றில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளிப்பர்டு படித்துறையிலிருந்து படகுகள் 2006-இல் விடைபெற்றன. பழம்பொருளும் பழுதுபார்த்த கடிகாரமும் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் கலைந்தது. 1858 முதல் நடந்துவந்த ராபின்சன் கடை, 1972-இல் ஒன்பது உயிரைக் கொண்ட தீவிபத்தையும் கடந்து நின்று, 2020-இல் கதவடைத்தது. ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பற்றி ஓய்ந்தது. 1972-இல் நிறுத்திய சிங்கமீன் சிலையின் சிற்றுருவே இன்று சுற்றுலாப் பயணி வாங்கிச் செல்லும் நகரச் சின்னம்.

கடை மறைந்தால் மறையட்டும். அங்கே வாங்கியவன் கதையும் மறைவதே நமக்கு வருத்தம். கூலிமக்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகள் மிகக் குறைவு. கடிதங்களில் பலவும் பிறர் கையால் எழுதியவை. அவர்கள் கையால் தேர்ந்தெடுத்து விட்டுச் சென்றவை பெட்டியும் அதிலிருந்த பண்டமுமே. கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் முன்னோர் புழங்கிய பொருள்களைக் காணலாம். அங்கே கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பொருளுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பெட்டிக்கு யார் குறிப்பு எழுதுவது?

ஆதலின் அன்பர்களே, இரண்டு வேண்டுகோள். தோட்டத்திலும் பட்டினத்திலும் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தாரும் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை எடுத்து, முதியோரைக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். இன்னார் வாங்கியது, இன்ன ஆண்டு, இன்ன கடை, இன்ன விலை, அன்று அவர் கூலி இவ்வளவு. ஐந்து வரி போதும். கூலி எழுதும் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற நான்கும் பொருளைப் பற்றியவை, அந்த ஒன்றுதான் மனிதனைப் பற்றியது.

மற்றொன்று ஊராருக்கு. ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடுகின்ற நம் இளைஞரைப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் கட்டடவேலைக்கு வந்த பிள்ளைகள் முதலில் ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். மிஞ்சிய காசை எண்ணிப் பார்த்து மிட்டாய்ப் பொதியும் தைலக் குப்பியும் வாங்குகின்றனர். வந்த செலவுக்கு வாங்கிய கடன் சிலருக்கு இன்னும் தீர்ந்திராது. அப்பிள்ளை ஊர் வந்து சேரும்போது பெட்டியைப் பார்க்குமுன் முகத்தைப் பாருங்கள். "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்குமுன் "உடம்பு எப்படி இருக்கிறது, கடன் தீர்ந்ததா?" என்று கேளுங்கள். கடன் இல்லாமல் வெறுங்கையோடு திரும்புகிறவனைத் தலைநிமிர்ந்து வீட்டுக்குள் நுழைய விடும் ஊரே நாகரிகமுள்ள ஊர்.